குருசடைத் தீவுப் பவளப்பாரில் பாசி பிடுங்கினவங்க, கண்டதைச் சொல்லுங்க

கல்லுப்பார்:
கப்பாஃபைகஸ்னா பெப்சி கம்பெனி வெளியிலிருந்து கொண்டாந்து வளர்க்க வச்ச கடல்பாசி. பெப்சி பாசின்னா மண்டபத்துல சின்னப்பிள்ளைக்கும் தெரியும். மன்னார் வளைகுடா குருசடைத் தீவுப் பவளத்து மேல ஏறிடுச்சுன்னு 2008ல ஆய்வாளர்கள் எழுதினாங்க. அதைப் பிடுங்குறது இன்னும் தீராத வேலை. மனசை விட்டுப் போகாத இடம் ஒண்ணு: ஒரு முழ அகல மான்கொம்புப் பவளம், மேலே முழுக்கப் பாசி. இழுத்ததும் தழை 'படக்'னு ஒடிஞ்சுது, கூடவே மூணு கொம்பு நுனியும் கையோட வந்துடுச்சு. அடியில எல்லாம் வெள்ளை. வெளிச்சம் பட்ட ஓரத்துல மட்டும் பழுப்பு நிறம், அதுதான் உயிரோட இருந்த பகுதி. இந்தப் பாசிக்கு வேர் கிடையாது. கொம்பைச் சுத்தி மெழுகு ஊத்தினாப்ல அப்பிக்கும். உருவினா பவளம் போச்சு, விட்டா பாசி திரும்ப வளருது. யாராச்சும் வழி கண்டீங்களா?

மூங்கில்மிதவை:
வந்ததும் வராததுமா பெப்சி பாசின்னு ஆரம்பிச்சாச்சு. மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காப் பக்கம் இதை வளர்க்கக் கூடாதுன்னு 2005லயே அரசாணை இருக்கு அண்ணே. நாங்க பாசி வளர்க்குற மிதவையெல்லாம் வடக்கே பாக் விரிகுடாப் பக்கம்தான் கிடக்கு. 3 மீட்டருக்கு 3 மீட்டர் மூங்கில் சட்டம், 20 கயிறு, கயித்துக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம் பாசித் துண்டு. ஆக 60 கிலோ விதை, 45 நாள்ல ஏறக்குறைய நாலு மடங்கு. அடியில வலை கட்டுறது ஓரா மீன் கடிக்காம இருக்க. ஒடிஞ்சு விழுற துண்டையும் அந்த வலைதான் பிடிச்சு வைக்குது. வலை கிழிஞ்சதைத் தைக்காம அடுத்த விதையைக் கட்டுறவன் ஒருத்தன் இருந்தா, ஊருக்கே கெட்ட பேரு. போன வாடைக்காத்துல நங்கூரக் கயிறு அறுந்து ஒரு மிதவை பாறையில மோதிச்சு. காலையில பார்த்தா கயிறு மட்டும் மிதக்குது, ஒரு முடிச்சுலயும் பாசி இல்ல. அத்தனையும் எங்க போச்சு? வாடையில தண்ணி பாம்பன் கால்வாய் வழியா தெற்கே குருசடைப் பக்கம் ஓடும், அவ்வளவுதான் சொல்வேன்.

சின்னப்பாலத்துக்காரி:
வழி கேட்டீங்களே அண்ணே, பாசி எடுக்குற பொம்பளைங்களைக் கேட்டிருக்கலாம். பாறையில தானா வளர்ற மரிக்கொழுந்துப் பாசியை இரும்புச் சுரண்டி வச்சு எடுத்த பாறையையும், விரல்ல துணி சுத்திக் கிள்ளி எடுத்த பாறையையும் அடுத்தடுத்துப் பார்த்தா தெரியும். கிள்ளின இடத்துல அடிக்கட்டை நிக்குது, துளிர் விட்டிருக்கு. சுரண்டின இடம் கல்லோட பேந்து மொட்டையா இருக்கு. அதனாலதான் இங்க சுரண்டியை விட்டாங்க. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மாசம் 12 நாள்தான் எடுக்குறது, தடைக்காலத்துல 45 நாள் மொத்தமா நிறுத்தம். யாரும் சட்டம் போட்டு வரல, தாங்களா வச்ச கட்டுப்பாடு. 2015ல, தீவுகளோட இயற்கையைக் காக்குறவங்களுக்குத் தர்ற சீகாலஜி விருது பாம்பன் சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு வந்தது அதுக்குத்தான்.
கப்பாஃபைகஸுக்கு இதைத் தலைகீழாச் செய்யணும். இங்க அடிக்கட்டை நிக்கக் கூடாது. மொத்தமா இழுக்காதீங்க, தழையை முதல்ல கொத்துக் கொத்தா எடுத்துட்டு, அப்பினதைக் கடைசியா நகத்தால கொஞ்சம் கொஞ்சமாப் பேர்க்கணும். அரைப் பவளத்துக்கே ஒரு நீர்வத்தம் போயிடும்.

நீரோட்டம்_2:
யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பிடுங்கிய பாசியை வெங்காயச் சாக்கில் கட்டித் தூக்கியதைப் பார்த்தேன். படகில் ஏற்றுவதற்குள் சாக்கின் கண் வழியே துண்டுகள் வரிசையாக ஒழுகிப் போயின. விரல்நகம் அளவு துண்டு போதும், இன்னொரு பவளத்தில் உட்கார்ந்துவிடும். இப்படிப் பிடுங்குவதற்குப் பிடுங்காமலே இருக்கலாம்.
நீரோட்டம் நின்றிருக்கும் நேரத்தில் மட்டும் இறங்குங்கள். இருவர் சேர்ந்துதான்: ஒருவர் பிடுங்க, மற்றவர் ஓட்டம் போகும் பக்கம் கொசுவலைப் பையை வாய் திறந்து பிடிக்க வேண்டும். பை பாதி நிறைந்ததும் கட்டிவிடுங்கள், திணித்தால் தழை நசுங்கி ஒடியும். தீவு மணலில் காயப்போடாதீர்கள், அலை எடுத்துவிடும். கரைக்குக் கொண்டுவந்து அலையேறாத இடத்தில் சருகாக்குங்கள். படகைத் தீவுப் பக்கம் கழுவாதீர்கள். ஒன்றரை மாதத்துக்குள் அதே பவளத்துக்குத் திரும்பிப் போகாவிட்டால் முதல் நாள் வேலை வீண். வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கவே கூடாது. ஒடிந்த கொம்பைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள், பவளம் 2001இலிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது.
ஹவாயில் கனியோஹே விரிகுடாவில் 1970களில் கொண்டுவந்த இதே இனப் பாசிகளைப் படகிலிருந்து குழாய் விட்டு உறிஞ்சினார்கள். மேலே மேசையில் கொட்டி, சிக்கிய நண்டு, நத்தையைப் பொறுக்கிக் கடலில் விட்டார்கள்; பாசி வயலுக்கு உரமாகப் போனது. பிறகு கடல்முள்ளெலிக் குஞ்சுகளை விட்டு மிச்சத்தை மேயவைத்தார்கள்.

மூங்கில்மிதவை:
குழாய்க்கும் படகுக்கும் காசு யாரு குடுப்பா? முள்ளெலியைக் கொண்டுவந்து விட்டா அது மரிக்கொழுந்தையும் சேர்த்து மேய்ஞ்சா அந்த அக்காங்களுக்குப் பதில் சொல்லுவீங்களா?

சின்னப்பாலத்துக்காரி:
கொசுவலைப் பை பாருல உரசினா ஒரே நாள்ல கிழிஞ்சுடும். வெளியில வெங்காயச் சாக்கு, உள்ள கொசுவலைன்னு ரெண்டடுக்காத் தைங்க. வாய்க்கு இழுகயிறு போடுங்க, முடிச்சு வேணாம். துணி சுத்தின விரலால தண்ணிக்குள்ள முடிச்சு அவிழ்க்க வராது.