புதுப்பிப்பு: டிஸ்னி வேர்ல்டில் தங்கியதும் படம் எடுத்ததும்

ஃப்ளோரிடா டிஸ்னி வேர்ல்டுக்குப் பிள்ளைகளோடு போகிறோம், எங்கே தங்கினால் அங்குள்ள மேஜிக் கிங்டம் பூங்காவில் நிம்மதியாகப் படம் எடுக்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். போய் வந்தாச்சு. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

டிஸ்னியின் சொந்த விடுதியான கன்டெம்பரரி ரிசார்ட்டில் தங்கினோம். வாடகை அதிகம்தான். ஆனால் பூங்கா வாசலுக்குப் பத்து நிமிட நடை. மோனோரயில் கட்டடத்துக்கு உள்ளேயே புகுந்து போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள் பிள்ளைகள். டிஸ்னி விடுதிகளில் தங்குபவர்களை 30 நிமிடம் முன்பே உள்ளே விடுகிறார்கள். எல்லோரும் ரைடுக்கு ஓட, நாங்கள் கோட்டைக்குப் பின்னால் குதிரை ராட்டினம் பக்கம் போனோம். சின்னவள் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருக்க, முகத்தில் இளவெயில். இந்தப் பயணத்தில் எனக்கு மிகப் பிடித்த படம் அதுதான்.

செல்ஃபி ஸ்டிக்குக்கு அனுமதி இல்லை. முதுகுப்பையில் அடங்கும் சிறிய டிரைபாடு போதும். அங்கே நிற்கும் ஃபோட்டோபாஸ் ஊழியர்களிடம் (டிஸ்னியின் புகைப்படக்காரர்கள்) கேட்டால் நம் போனிலேயே காசு வாங்காமல் எடுத்துத் தருகிறார்கள். தயங்காமல் கேளுங்கள், அம்மா அப்பா இருவரும் படத்தில் இருக்க இதைவிட நல்ல வழி இல்லை.

வாணவேடிக்கையை ஆரம்பத்திலேயே எடுத்துவிடுங்கள், அப்புறம் புகை சூழ்ந்துவிடும். கூட்டம் வேண்டாம் என்றால் இன்னொரு டிஸ்னி விடுதியான பாலினேசியன் ரிசார்ட் கரையிலிருந்து ஏரிக்கு அப்பால் நன்றாகவே தெரிகிறது.