ராஜராஜன் காசில் பச்சைப் பொடி: காப்பாற்ற வழி சொல்லுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். நம் காசு சேகரிப்போர் குழுவில் நீங்கள் எல்லோரும் உங்களுக்குப் பிடித்த காசுகளைக் காட்டுவதைப் பார்த்து, என்னுடையதையும் படமெடுக்கலாம் என்று நேற்று ஆல்பத்தைத் திறந்தேன். மனம் பதறிவிட்டது.

தாத்தா கொடுத்த ராஜராஜ சோழனின் செப்புக் காசு அது. ஒரு பக்கம் நிற்கும் உருவம். மறுபக்கம் அமர்ந்த உருவம், அருகே நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜராஜ'. அந்த எழுத்தின் ஓரத்தில் இப்போது வெளிர்பச்சைப் பொடி பூத்திருக்கிறது. தொட்டால் மாவுபோல் உதிர்கிறது. பழைய கெட்டிக் களிம்பு இப்படி உதிராது. உப்பில் இருக்கும் குளோரைடும் ஈரமும் சேர்ந்து செம்பை அரிப்பதுதான் இது என்று நினைக்கிறேன். திருவான்மியூரில் கடலோரம் வீடு, போதாததற்கு குளோரின் கலந்த பி.வி.சி. பிளாஸ்டிக் உறை வேறு.

தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்கச் சொல்லாதீர்கள். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து 1808ஆம் ஆண்டுப் பத்து காசு ஒன்றைச் சிறுவயதில் அப்படித் தேய்த்து, அதிலிருந்த சிங்கமே மழுங்கிவிட்டது. இன்றும் வலிக்கிறது.

குளோரைடை வெளியேற்ற காய்ச்சி வடித்த நீரில் காசை ஊறவைத்தவர்கள் எத்தனை நாள் வைத்தீர்கள்? பிறகு எப்படி உலர்த்தினீர்கள்? எழும்பூர் அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகத்தில் சொந்தக் காசுக்கு ஆலோசனை கேட்டவர்கள் உண்டா? மற்ற காசுகளை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுக்கு மாற்றிவிட்டேன். இது மட்டும் தனியே காத்திருக்கிறது.