அவசரம்: புது ஐடிபி (வெளிநாட்டில் ஓட்டுவதற்கான சர்வதேச ஓட்டுநர் அனுமதி) கையில் இருக்கிறது, ஆனாலும் ஓட்டக்கூடாதாம்?

பனித்துளி: ஐடிபி முடியப்போகிறதே என்று ஊருக்குப் போனபோது புதிதாக எடுத்து வந்துவிட்டேன். தேதி எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் அலுவலகத்தில் ஒருவர் நான் ஓட்டவே கூடாது என்கிறார். திங்கள் முதல் வேறு கிளையில் வேலை, அங்கே ரயில் கிடையாது. யாராவது உடனே சொல்லுங்கள்.

கடலோரம்: எந்த நாடு?

சக்கரம்: ஜெர்மனியாகத்தான் இருக்கும். அங்கே குடியேறி ஆறு மாதம் ஆனால் நம் லைசென்ஸ் செல்லாது, ஐடிபி இருந்தாலும் பயனில்லை. எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு இரண்டும் எழுத வேண்டும்.

கடலோரம்: அவர் ஜெர்மனி என்று எங்கே சொன்னார்?

பழையவன்: இருக்கும் நாடு, லைசென்ஸ் கொடுத்த நாடு, விசா வகை. இவை இல்லாமல் பதில் கேட்பவர்களுக்கு எத்தனை முறை சொல்வது? கொஞ்சம் தேடிப் படித்துவிட்டு வாருங்கள் தம்பி.

பனித்துளி: மன்னிக்கவும். ஜப்பான், இந்திய லைசென்ஸ், வேலை விசா.

மழைக்காடு: ஊரில் எவ்வளவு நாள் இருந்தீர்கள்? எல்லாம் அதைப் பொறுத்துத்தான்.

பனித்துளி: சில வாரம். ஏன்?

மழைக்காடு: அப்படியானால் உங்கள் அலுவலக நண்பர் சொன்னது சரி. ஜப்பானில் ஐடிபியின் தேதியை மட்டும் பார்க்கமாட்டார்கள். வந்து இறங்கிய நாளிலிருந்து ஒரு வருடம்தான் ஓட்டலாம். இங்கே குடியிருப்பவராகப் பதிவு செய்தவர் வெளியே போய் மூன்று மாதத்துக்குள் திரும்பினால் அந்தக் கணக்கு புதிதாகத் தொடங்காது. உங்களுக்குப் பழைய கணக்குதான் ஓடுகிறது. முதலில் வந்து ஒரு வருடம் தாண்டிவிட்டால் தயவுசெய்து வண்டியைத் தொடாதீர்கள். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய குற்றமாகிவிடும்: மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் யென் வரை அபராதம். தெரிந்தே வண்டி கொடுத்தவரும் மாட்டுவார்.

சக்கரம்: அங்கேயும் இடப்பக்கம்தானே ஓட்டுகிறார்கள்? நம் லைசென்ஸை ஜப்பான் லைசென்ஸாக மாற்ற எதற்குத் தேர்வு? ஜெர்மனி லைசென்ஸ்காரர் தேர்வே இல்லாமல் மாற்றிக்கொள்கிறாரே, அவர் வலப்பக்கம் ஓட்டிப் பழகியவர்.

பழையவன்: தேர்வு இல்லாமல் மாற்றிக்கொடுக்கும் நாடுகளின் பட்டியலை இடமா வலமா என்பதை வைத்துப் போடவில்லை. இந்தியா அதில் இல்லை, அவ்வளவுதான்.

சக்கரம்: இல்லாதது நியாயமா என்றுதான் கேட்கிறேன். இருபது வருடம் ஓட்டியவரையும் புதியவரையும் ஒன்றாக நிறுத்துவது சரியில்லை.

கடலோரம்: நிறுத்தப் பலகையில் சக்கரம் முழுதாக நிற்காமல் உருட்டிக்கொண்டு போகும் பழக்கம் இருபது வருடக்காரரிடம்தான் அதிகம். அந்தத் தேர்வில் பலர் தோற்பது அங்கேதான். தேர்வு இருக்கட்டும்.

மழைக்காடு: சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். பனித்துளி, ஜாஃப் (ஜப்பானின் வாகன ஓட்டிகள் சங்கம்) அமைப்பிடம் லைசென்ஸை மொழிபெயர்க்கக் கொடுத்துவிட்டு, லைசென்ஸ் மையத்தில் அதை ஜப்பான் லைசென்ஸாக மாற்ற நாள் கேளுங்கள். 2025 அக்டோபரிலிருந்து எழுத்துத் தேர்வில் 50 கேள்வி, 45 சரியாக இருக்க வேண்டும். முன்பு போலப் பத்துக் கேள்வி இல்லை. அப்புறம் மையத்துக்குள்ளேயே ஓட்டிக் காட்ட வேண்டும். லைசென்ஸ் எடுத்த பின் இந்தியாவில் மொத்தம் மூன்று மாதமாவது இருந்ததற்குச் சான்று கேட்பார்கள், பழைய பாஸ்போர்ட்டையும் மறக்காமல் கொண்டுபோங்கள். திங்களுக்குள் எதுவும் நடக்காது. மேலாளரிடம் இன்றே பேசுங்கள்.

பனித்துளி: ஒரு வருடம் தாண்டிவிட்டது. பேசிவிட்டேன், கிளையில் இருப்பவர் ஒருவர் வழியில் ஏற்றிக்கொள்கிறார். மொழிபெயர்ப்புக்கும் கொடுத்தாயிற்று. நன்றி மழைக்காடு.

சக்கரம்: பழைய பாஸ்போர்ட் தொலைந்துபோயிருந்தால் என்ன செய்வது?