குடும்ப ஜெபம் நின்றுபோகிறது, வழி சொல்லுங்கள்

குலசேகரம் பக்கம் இருக்கிறோம். ஆறு மாதமாக வீட்டில் குடும்ப ஜெபம் ஒழுங்காக நடக்கவில்லை. எனக்கு ரப்பர் பால்வெட்டு. விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பினால், சிரட்டைப் பாலை எடுத்து, ஷீட் அடித்து முடிக்க மதியமாகிவிடும். மனைவிக்கு மார்த்தாண்டத்தில் துணிக்கடை வேலை, வீடு வர இரவு 9 மணி. பிள்ளைகள் இருவர், 8ஆம் வகுப்பும் 5ஆம் வகுப்பும்.

இரவு 9:30க்கு வைத்துப் பார்த்தோம். சங்கீதம் 119-ஐ நாளுக்கு 8 வசனமாகப் பிரித்தேன் (மொத்தம் 176, 22 நாளில் முடியும்). நான்காம் நாள் வாசித்துக்கொண்டே நான்தான் தூங்கிவிழுந்தேன். சின்னவள் வேதாகமத்தைக் கையிலிருந்து எடுத்து மூடி வைத்தாளாம். அப்புறம் போனில் ஆடியோ வேதாகமம். அது பாட்டுக்கு ஓடுகிறது, அவரவர் வேலை அவரவருக்கு. ஞாயிறு ஆராதனை மட்டும் தவறவில்லை.

இப்படி நேரம் ஒத்துவராத வீடுகளில் ஜெபத்தை எந்த நேரத்தில், எத்தனை நிமிடம் வைக்கிறீர்கள்?