அப்பா மாத்திரையை விட்டுவிடுகிறார், வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். நான் சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன், அப்பாவும் அம்மாவும் ஏற்காட்டில். அப்பா காபித் தோட்டத்தில் மேஸ்திரி, வயது 61. மூன்று வருடமாக சி.எம்.எல். என்ற ரத்தப் புற்றுநோய்க்குத் தினமும் இமாட்டினிப் 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்று போட வேண்டும்.

போன வாரம், ரத்தத்தில் நோய் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் பிசிஆர் சோதனையில் அளவு ஏறியிருந்தது. "மாத்திரை விடாமல் போடுகிறீர்களா?" என்று டாக்டர் கேட்டதும் அப்பா தலையாட்டினார். வீட்டுக்கு வந்து அட்டைகளை எண்ணினால் 11 மாத்திரை மிச்சம்! அப்புறம்தான் உண்மை வந்தது. காலையில் போட்டால் குமட்டுகிறதாம். பழம் பறிக்கிற நாளில் ஆட்கள் முன்னால் வாந்தி எடுக்க வெட்கமாம். "உடம்பு நல்லாத்தானே இருக்கு கண்ணு" என்கிறார். நன்றாக இருப்பதே மாத்திரையால்தான் என்றால் சிரிக்கிறார்.

இனி இரவுச் சாப்பாட்டோடு, பெரிய டம்ளர் தண்ணீருடன் போடச் சொல்லியிருக்கிறார் டாக்டர். விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாதாம்.

இதே மாத்திரை போடுகிறவர்கள் குமட்டலை எப்படிச் சமாளித்தீர்கள்? அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கிழமைக்கு ஒரு அறை வைத்த மாத்திரை டப்பா சரிப்படுமா? நான் தினமும் போன் போடலாம் என்றால் அங்கே பாதி நாள் சிக்னல் இல்லை. மருந்தை மாற்றும் யோசனை மட்டும் வேண்டாம், அதை டாக்டர் பார்த்துக்கொள்வார்.

சேலம் பக்கம் இதே நோயோடு வேலைக்கும் போகிற யாராவது அப்பாவிடம் பத்து நிமிடம் பேச முடியுமா? நான் சொன்னால் கேட்கமாட்டார், வெளியாள் சொன்னால் கேட்பார்.