பரண் மேல் இருக்கும் பிரெட் மெஷின்

குழு: தாத்தா வீடு

வனிதா, காலை 7:10
எல்லோருக்கும் வணக்கம். நேற்று தாத்தாவை மருத்துவரிடம் அழைத்துப் போனோம். இரத்த அழுத்தம் இன்னும் இறங்கவில்லை. உப்பைக் குறைத்தே ஆக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கடை பிரெட்டை நிறுத்தச் சொன்னதும் தாத்தாவின் முகம் வாடிவிட்டது. காலையில் நான்கு துண்டு இல்லாமல் அவருக்குப் பொழுது விடியாது என்பது உங்களுக்கே தெரியும். வீட்டில் செய்துகொள்ள ஒரு பிரெட் மெஷின் வாங்கலாமா?

ராஜா அண்ணன்
வாங்கிவிடலாம்.

மீனா அக்கா
தாத்தா இப்போது எப்படி இருக்கிறார்?

வனிதா
கோபமாக இருக்கிறார் அக்கா.

மீனா அக்கா
அப்படியானால் தெம்பாகத்தான் இருக்கிறார். நிம்மதி.

பெரியப்பா, 7:31
புதிதாக எதற்கு? உன் பாட்டிக்கு நான் வாங்கிக் கொடுத்த மெஷின் பரண் மேல் இருக்கிறதே.

அம்மா
இருக்கிறது. பிசையும் துடுப்பு மட்டும் இல்லை.

பெரியப்பா
அது எப்படி இல்லாமல் போகும்?

அம்மா
மங்கையைத்தான் கேட்க வேண்டும்.

சின்ன அத்தை
நான் திருப்பிக் கொடுத்தபோது துடுப்பு பாத்திரத்துக்குள்ளேயே இருந்தது அண்ணி. கழுவித் துடைத்துத்தான் கொடுத்தேன். அப்போது உங்கள் வீட்டில் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா
வெள்ளையடித்தது அதற்கு அடுத்த வருடம்.

மீனா அக்கா
பரண் என்றதும் நினைவுக்கு வருகிறது. என் கல்யாண ஆல்பம் அங்கேதானே இருக்கிறது சித்தி?

அம்மா
ஆமாம், பச்சைப் பெட்டியில்.

சின்ன அத்தை, 8:05
துடுப்பை அப்புறம் தேடுவோம். வனிதா, நான் ஆறு வருடமாக மெஷினில்தான் ரொட்டி செய்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி. உப்பைக் குறைத்தால் ருசி மட்டும் குறையும் என்று நினைத்துவிடாதே. ஈஸ்டுக்கு உப்புதான் கடிவாளம். அது குறைந்தால் மாவு விறுவிறுவென்று பொங்கும், பிசுபிசுக்கும், தன்னைத் தாங்கிக்கொள்ளும் வலு இருக்காது. கையால் செய்கிறவர் மாவைப் பார்த்துச் சீக்கிரமே அடுப்பில் வைத்துவிடுவார். மெஷினுக்குக் கண் கிடையாது, கடிகாரம் மட்டும்தான். மாவு பொங்கி முடித்தாலும் தன் நேரம் வரும்வரை அது காத்திருக்கும். ஒரு முறை உப்புப் போட மறந்துவிட்டேன். ரொட்டி மூடியின் கண்ணாடி வரை ஏறி ஒட்டிக்கொண்டது. சூடு ஏறத் தொடங்கியதும் நடுவில் அமுங்கிக் கிண்ணம் போல ஆகிவிட்டது. அதனால் உப்பைக் குறைக்கும்போது ஈஸ்டையும் கொஞ்சம் குறை, தண்ணீரிலும் ஒன்றிரண்டு தேக்கரண்டி குறை. உப்பை ஒரேயடியாக நிறுத்தாதே, வாரம் ஒரு கிராமாக இறக்கு. நாக்குக்கும் பழக நேரம் வேண்டும்.

ராஜா அண்ணன்
வாரம் ஒரு கிராம். சரி.

வனிதா
அளவு சொல்லுங்கள் அத்தை. எழுதி வைத்துக்கொள்கிறேன்.

சின்ன அத்தை, 8:21
400 கிராம் மாவுக்கு 260 மில்லி தண்ணீர், உடனடி ஈஸ்ட் 3 கிராம், எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, சர்க்கரை ஒரு தேக்கரண்டி. வழக்கமான உப்பு 7 கிராம். இதை 12 துண்டாக வெட்டினால், நான்கு துண்டில் மட்டும் அப்பாவுக்கு 2.3 கிராம் உப்பு போய்விடும். ஒரு நாள் முழுவதற்குமே 5 கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஒரு மாதத்தில் 3 கிராமுக்கு இறக்கிவிட்டால் அதே நான்கு துண்டில் 1 கிராம்தான். அவர் ஒரு துண்டைக்கூட விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

அம்மா
இது நல்ல செய்தி. இப்போதே அவரிடம் சொல்கிறேன்.

ராஜா அண்ணன்
உப்புக்குப் பதிலாக வேறு ஒரு உப்பு கிடைக்கிறதாமே? சோடியம் குறைந்தது.

சின்ன அத்தை
மருத்துவரைக் கேட்காமல் அதை வாங்காதே ராஜா. அதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் சில இரத்த அழுத்த மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கும் அது ஆபத்து. அப்பா என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று நமக்கு முழுதாகத் தெரியாது.

வனிதா
மருந்துச் சீட்டைப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

மீனா அக்கா
ராஜா, நீ எதையும் வாங்கிக்கொண்டு போய் நிற்காதே.

ராஜா அண்ணன்
கேட்கத்தானே செய்தேன்.

திவ்யா, 9:02
அம்மா, தராசு பற்றிச் சொல்லவில்லையே. எனக்குச் சொல்லும்போது முதலில் அதைத்தானே சொன்னீர்கள்.

சின்ன அத்தை
சொல்ல வந்தேன். மெஷின் வாங்குவதற்கு முன்னால் சமையல் தராசு வாங்கு வனிதா. கோப்பையால் அளந்தால் ஒரு நாள் 120 கிராம் மாவு, அமுக்கி அளந்தால் 150. ஒரு கோப்பைக்கே 30 கிராம் வித்தியாசம் என்றால் மூன்று கோப்பைக்கு எவ்வளவு ஆகும் பார். நேற்று நன்றாக வந்த ரொட்டி இன்று கல்லாக இருக்கிறது என்று வருந்துகிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் காரணம். 3 கிராம் உப்பையும் கரண்டியால் நம்பி அளக்க முடியாது.

பெரியப்பா, 9:40
அந்த மெஷின் நல்ல மெஷின். 11 வருடத்துக்கு முன்னால் தேடித் தேடி வாங்கினேன். அம்மா இருந்தவரை ஓடியது. அவர்கள் போன பிறகு யாரும் தொடவில்லை. எனக்கு அது வருத்தம்தான். இன்றுதான் சொல்கிறேன்.

அம்மா
அத்தை கைபட்ட பொருள் என்றுதான் பத்திரமாக எடுத்து வைத்தேன். மூடியில் அவர்கள் எழுதி ஒட்டிய சீட்டு இன்னும் இருக்கிறது.

திவ்யா
"தண்ணீர் முதலில். பிறகு மாவு. ஈஸ்ட் மேலே குழியில். உப்பு மூலையில், ஈஸ்டின் மேல் படக்கூடாது." எனக்கு மனப்பாடம்.

மீனா அக்கா
"பீப் சத்தம் வந்தால் எள் போடு" என்றும் இருக்கும். தாத்தா கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டே நிற்பார்.

சின்ன அத்தை
அம்மா எழுதியது அத்தனையும் சரி. ஈஸ்ட் தண்ணீரில் படாமல் இருந்தால்தான் இரவு நேரம் குறித்து வைத்து விடியும்போது சூடாக எடுக்க முடியும். சில மெஷின்களில் ஈஸ்டை அடியில் போடச் சொல்வார்கள், கையேட்டைப் பார்த்துக்கொள். நேரம் குறித்து வைக்கும் நாளில் பாலும் முட்டையும் வேண்டாம், இரவு முழுவதும் வெளியே கிடந்தால் கெட்டுவிடும். பால் பொடி போடலாம். இன்னொன்று, பிசையும் நேரத்தில் மெஷின் நன்றாகவே சத்தம் போடும். அப்பாவின் அறை சமையலறைக்குப் பக்கத்தில்தானே?

வனிதா
ஒரே சுவர்தான். அவருக்குத் தூக்கமே மெல்லிய தூக்கம்.

சின்ன அத்தை
அப்படியானால் மாலையில் சுட்டு, ஆறவிட்டு வெட்டு. காலையில் துண்டை லேசாக வாட்டிக் கொடு.

மாமா, 10:15
இந்த மெஷின் ஜப்பானில் எப்படி வந்தது என்று யாருக்காவது தெரியுமா? மாட்சுஷிட்டா நிறுவனம் 1987இல் கொண்டுவந்தது. முதலில் செய்த மாதிரிகளில் மேலே கருகும், உள்ளே வேகாது. ஓசாகாவில் ஒரு ஹோட்டல் ரொட்டிக்காரரிடம் போய்க் கற்றுக்கொண்டார்கள். அவர் மாவைப் பிசைவதோடு விடாமல் இழுத்து முறுக்குகிறார் என்று கவனித்து, அதற்காகவே உள்ளே வரம்புகளை வைத்தார்கள்.

ராஜா அண்ணன்
ஓ, பாத்திரத்தின் பக்கவாட்டில் இருக்கும் மேடு அதற்குத்தானா! அழுக்குச் சேர்வதற்கு என்று நினைத்திருந்தேன்.

மாமா
மாவு அதில் மோதித் திரும்பினால்தான் இழுபடும்.

அப்பா, 10:50
அலுவலகத்தில் இருக்கிறேன். 64 செய்திகள். என்ன முடிவு?

வனிதா
இன்னும் இல்லை அப்பா.

வனிதா
அத்தை, புதிதாக வாங்குவதாக இருந்தால் எதைப் பார்க்க வேண்டும்? ஒன்றில் 12 வகை நிரல் என்கிறார்கள், இன்னொன்றில் 19.

சின்ன அத்தை, 11:08
எண்ணிக்கையைப் பார்க்காதே. சாதாரணம், முழுக் கோதுமை, மாவு மட்டும் பிசைவது, சுடுவது மட்டும், இந்த நான்கைத்தான் நான் தொடுகிறேன். விரைவு நிரல் வேண்டாம், பொங்க நேரம் இல்லாமல் ரொட்டி அடர்ந்து போகும். நீ பார்க்க வேண்டியது வேறு. முதலில் சிறிய அளவு. தாத்தாவும் நீங்கள் மூவரும்தான், தினமும் ஒரு கிலோ ரொட்டி செய்து என்ன செய்வீர்கள்? நீளமான பெரிய பாத்திரத்தில் கொஞ்சம் மாவு போட்டால் ஒரு பக்கமாக ஒதுங்கிக் கோணலாக வேகும். இரண்டாவது, மின்சாரம் போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடருமா? பலவற்றில் பத்துப் பதினைந்து நிமிடம் வரை தாங்கும். மூன்றாவது, பாத்திரமும் துடுப்பும் தனியாக வாங்கக் கிடைக்குமா? முதலில் தேய்வது அவற்றின் பூச்சுதான். உள்ளே இரும்புக் கரண்டி விட்டுக் கிளறாதே. கழுவுவதற்கு வெந்நீரைப் பாத்திரத்துக்குள் ஊற்றி ஊறவிடு, அடியை முக்காதே.

வனிதா
கோதுமை மாவில் செய்யலாமா? மைதா வேண்டாம் என்கிறார் அம்மா.

சின்ன அத்தை
முதல் வாரம் பாதிக்குப் பாதி. கோதுமையில் தவிடு இருப்பதால் தண்ணீர் அதிகம் குடிக்கும், கொஞ்சம் உயரம் குறையும், நேரமும் கூடும். ஒன்றை மட்டும் மறக்காதே. பிசையத் தொடங்கிப் பத்தாவது நிமிடம் மூடியைத் திற. மாவு வழவழப்பான உருண்டையாகச் சுற்ற வேண்டும், விரலால் தொட்டால் ஒட்டுவது போல இருந்து விட்டுவிட வேண்டும். குழம்பாகக் கிடந்தால் ஒரு கரண்டி மாவு, வறண்டு கட்டியாக இருந்து மெஷின் முனகினால் ஒரு கரண்டி தண்ணீர். எந்த விலை மெஷின் வாங்கினாலும் இந்த ஒரு பார்வையை அது உனக்காகப் பார்த்துத் தராது.

மீனா அக்கா
இதைச் சீட்டில் எழுதிப் பாட்டி சீட்டுக்குப் பக்கத்தில் ஒட்ட வேண்டும்.

பெரியப்பா
அப்படியானால் பழைய மெஷின்தான் என்று முடிவாகிவிட்டதா?

அம்மா
துடுப்பு?

திவ்யா, 12:34
எங்கள் வீட்டில் கரண்டிப் பெட்டியின் அடியில் ஒன்று கிடக்கிறது. கருப்பு, மீன் துடுப்பு போல. துளை முழு வட்டமாக இல்லை, ஒரு பக்கம் தட்டையாக இருக்கிறது. அம்மாவின் துடுப்பு மெஷினிலேயே மாட்டியிருக்கிறது. இது எதனுடையது?

அம்மா
ஆஹா.

சின்ன அத்தை
அது என் பழைய மெஷினுடையதாகவும் இருக்கலாம். தட்டைத் துளை பலவற்றில் உண்டு. தண்டில் மாட்டிப் பார்க்காமல் சொல்ல முடியாது. அதுதான் என்றால் அண்ணி, தவறு என்னுடையது. மன்னித்துவிடுங்கள்.

அம்மா
இதில் மன்னிப்பு எதற்கு மங்கை. கிடைத்தால் போதும்.

பெரியப்பா
சனிக்கிழமை எல்லோரும் வாருங்கள். துடுப்பை மாட்டிப் பார்ப்போம். ஓடினால் ஓடட்டும். இல்லையென்றால் புதியதை நான் வாங்கித் தருகிறேன்.

ராஜா அண்ணன்
நான் பாதி தருகிறேன் அப்பா.

அப்பா
பூச்சு உரிந்திருந்தால் துடுப்பு கிடைத்தும் பயனில்லை. அதையும் பார்க்க வேண்டும்.

சின்ன அத்தை
ஆமாம் அண்ணா, அது முக்கியம். புது ஈஸ்ட் நான் கொண்டு வருகிறேன். பழையது இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் சர்க்கரை போட்டுப் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள், நுரைக்கவில்லை என்றால் கொட்டிவிடுங்கள்.

வனிதா, 1:12
தாத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரே கேள்விதான் கேட்டார்: "துண்டு தடிமனாக வெட்டுவீர்களா?"

மீனா அக்கா
வெட்டுவோம் என்று சொல்.

சின்ன அத்தை
12 துண்டுக்குக் குறையாமல் வெட்டு வனிதா, அதைவிடத் தடிமன் கூடாது. கணக்கு மாறிவிடும். சுட்டதும் பாத்திரத்திலிருந்து உடனே எடுத்துவிடு, இல்லையென்றால் ஆவியில் அடி நமுத்துவிடும். எடுத்ததும் ரொட்டியின் அடியில் துடுப்பு சிக்கியிருக்கிறதா என்று பார். ஒரு மணி நேரம் ஆறட்டும், சூட்டோடு வெட்டினால் பிசுபிசுத்துக் கத்தியில் ஒட்டும்.

அம்மா
சனிக்கிழமை பரணில் ஏற ஏணி வேண்டும். ராஜாவிடம்தானே இருக்கிறது?

ராஜா அண்ணன்
என்னிடம் இல்லை சித்தி. மாமாவிடம் கொடுத்துவிட்டேன்.

மாமா
நீ கொடுத்தது மர ஏணி. அதை அப்போதே பெரியவர் வாங்கிக்கொண்டு போனார்.

பெரியப்பா
நானா?

மீனா அக்கா
ஏறுகிறவர்கள் ஆல்பத்தையும் எடுத்துவிடுங்கள். பச்சைப் பெட்டி.