பீட்டில்ஸ் ஒப்பமிட்ட எல்பி உறை: சான்றிதழை நம்பி வாங்கலாமா?

கல்லடியான்:
ஏலத்துக்கு வந்திருக்கிறது பீட்டில்ஸ் இசைக்குழுவின் 1963ஆம் ஆண்டு 'பிளீஸ் பிளீஸ் மீ' எல்பி இசைத்தட்டின் உறை. நாலு பேரின் ஒப்பமும் சான்றிதழும் உண்டு. மட்டக்களப்பில் இருந்துகொண்டு பொருளைக் கையில் எடுத்துப் பார்க்க வழியில்லை. சான்றிதழை விட்டால் வேறு பிடிமானம் ஏது? வாங்கலாம் என்பதே என் கட்சி.

மருதமுனை நானா:
தம்பி, விற்கிறவரே அச்சடித்த சான்றிதழ் என்றால் அது வெறும் கடதாசி. முதலில் ஒப்பம் எந்தப் பக்கம் என்று பாருங்க. அந்தக் காலத்துப் பிரித்தானிய உறைகளின் முன்பக்கம் பிளாஸ்டிக் படலம் ஒட்டி லாமினேட் செய்தது. போல்பொயின்ட் அதில் வழுக்கும், மை விட்டுவிட்டுத்தான் பிடிக்கும். அதனால் பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் ஒப்பமிட்டார்கள். முன்பக்கத்தில் தடித்த மார்க்கரால் போட்டிருந்தால் அந்தப் பக்கமே போகாதீங்க. ஷார்ப்பி மார்க்கர் சந்தைக்கு வந்ததே 1964இல்.

கல்லடியான்:
பின்பக்கம்தான் நானா, நீலப் போல்பொயின்ட்.

மருதமுனை நானா:
அது மட்டும் போதாது. அவர்களோடு கூடவே போன நீல் ஆஸ்பினாலும் மால் எவன்ஸும் நாலு பேருக்காகவும் ஒப்பமிட்டிருக்கிறார்கள். சிலவேளை நால்வரில் ஒருவரே மற்ற மூவருக்கும் போட்டுவிடுவார். நாலு பெயரிலும் ஒரே சாய்வு, ஒரே அழுத்தம், ஒரே வேகம் தெரிந்தால் எழுதியது ஒரு கைதான். ஒப்பிடுவதற்கு அதே 1963ஆம் ஆண்டு ஒப்பங்களை எடுங்க. நால்வரில் ஒருவரான லெனன் எழுபதுகளில் போட்டதோடு வைத்துப் பார்த்தால் பிழைக்கும்.

கல்லடியான்:
அப்படியென்றால் என் கட்சிதானே வெல்லுது? உதவியாளர் எழுதியதும் அதே காலத்துப் பேனை, அதே மை. போலியைப் பிடிக்க அடிக்கிற யூவி (புற ஊதா) லைட் அதைக் காட்டிக்கொடுக்காது. தெரிந்த ஒருவரின் கண் கட்டாயம் வேணும்.

மருதமுனை நானா:
ஓம், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் விற்பனையில் பங்கில்லாதவராக இருக்கணும். அவர் தரும் சான்றுக் கடிதத்தில் இதே உறையின் படம் இருக்கணும். மடிப்பு, கறை, மூலைக் கிழிசல் எல்லாம் ஒன்றொன்றாய்ப் பொருந்தணும். நல்ல சான்றிதழைப் போலிப் பொருளோடு சேர்த்து விற்பது பழைய வேலை. 600 டிபிஐ ஸ்கேனும், பக்கவாட்டில் டோர்ச் அடித்து எடுத்த படமும் கேளுங்க. பேனை அழுத்திய பள்ளம் அதில் தெரியும். அச்சு ஒப்பம் என்றால் பள்ளமே இராது.

களுவாஞ்சிக்குடி அக்கா:
வாங்கின பிறகு? நம்ம ஊர் உப்புக்காற்றில் பிவிசி உறைக்குள் போடாதீங்க. வெக்கைக்கு அது கசிந்து ஒட்டும். பொலியெஸ்டர் உறை, அமிலமில்லாத அட்டை, காற்றுப் புகாத பெட்டி. ஈரப்பதமானியில் 50 சதவீதம் தாண்டினால் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லை அவன் அடுப்பில் 120 பாகை செல்சியஸில் காயவைத்து மாற்றுங்க. லாமினேட் மட்டும் செய்யவே வேண்டாம், திருப்பி எடுக்க முடியாது.

கல்லடியான்:
பெட்டிக்குள் பூட்டவா அக்கா இவ்வளவு காசு? யூவி கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டலாமே.

களுவாஞ்சிக்குடி அக்கா:
யூவி கண்ணாடி கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தை மறிக்காது, போல்பொயின்ட் மை அதற்கும் மங்கும். மாட்டியே ஆகவேணும் என்றால் கண்ணாடிக்கும் உறைக்கும் இடையில் மவுன்ட் அட்டை வைத்து, யன்னலுக்கு எதிர்ச்சுவரைத் தவிருங்க. ஒக்டோபர் மழை தொடங்க முன் இறக்கிவிடுங்க. ஈரச்சுவரில் சட்டத்தின் முதுகில்தான் முதலில் பூஞ்சணம் பிடிக்கும்.